பதினோரு மாத்திரையும் ஒரு ‘சரிம்மா’வும்

கேள்வி: நர்சிங் முடித்து மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்தேன். ஆறு மாதமாக வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸாக இருக்கிறேன். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர்தான் என் ஏரியா. கொளத்தூரில் 67 வயது அம்மா ஒருவர். சுகரும் பிரஷரும் பல வருடமாக உண்டு. இப்போது இதயம் பலவீனமாகிவிட்டது என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். பதினோரு வகை மாத்திரை. ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது என்று விளக்கி, தமிழிலேயே அட்டவணை டைப் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் “சரிம்மா, சரிம்மா” என்று தலையாட்டினார். பதினாறாம் நாள் ராத்திரி மூச்சு வாங்கி மறுபடியும் அட்மிட். அப்புறம் பார்த்தால் இரண்டு அட்டையைப் பிரிக்கவே இல்லை. ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு பெயரில் இரண்டு தடவை போட்டிருக்கிறார். “நீங்க என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?” என்று மகன் கத்திவிட்டார். ஒரு விசிட்டுக்கு எனக்கு 45 நிமிடம்தான் கிடைக்கும். தலையாட்டுகிறவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தப்பு என் மேலா?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். தப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மகன் கத்திய அளவுக்கு இல்லை. பதினோரு மாத்திரையைக் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியையும் திணித்து, லிஃப்ட் வரை வழியனுப்பியவர்களுக்குப் பங்கு உண்டு. பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் ஒரே பையில் போட்டு வைத்த வீட்டுக்காரர்களுக்கும் உண்டு. உங்கள் பங்கை மட்டும்தான் நீங்கள் திருத்த முடியும் என்பதால் அதைப் பற்றியே பேசுவோம்.

வார்டில் நாம் சொன்னதைச் செய்யும் ஆள் நாமேதான். மாத்திரையை எடுப்பதும் நாம், கொடுப்பதும் நாம், கேஸ் ஷீட்டில் எழுதுவதும் நாம். வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிடம் போய் உட்காருகிறோம். மிச்ச நேரமெல்லாம் அந்த அம்மாதான் நர்ஸ். அவருக்கு நாம் பாடம் எடுத்து முடித்ததும் அவர் “சரிம்மா” என்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள், வெயிலில் வீடு தேடி வந்த பெண்ணை ‘புரியலை’ என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். காபி கொடுப்பதுபோல ‘சரிம்மா’வும் கொடுப்பார்கள். அது மரியாதை. அதைப் புரிந்ததற்கு அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

என் கதை ஒன்றைக் கேளுங்கள். நான் வீட்டு விசிட் ஆரம்பித்த புதிதில் புளியந்தோப்பில் ஒரு தாத்தா. பீடி குடித்தே நுரையீரல் கெட்டுப் போனவர். கேப்சூலைக் கருவியில் வைத்துத் திருகி, அதில் இருக்கும் பொடியை வாயால் உறிஞ்சும் ரோட்டாஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து நிமிடம் நின்றபடி பிரமாதமாக விளக்கினேன். “காலையில ஒண்ணு போடுங்க, ராத்திரி ஒண்ணு போடுங்க தாத்தா.” தலையாட்டினார். அடுத்த வாரம் போனபோது, “மாத்திரை பரவாயில்லைம்மா, தண்ணியில நல்லா இறங்குது. அந்த மிஷினு எதுக்குன்னுதான் தெரியலை” என்றார். கருவி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பதினான்கு கேப்சூலையும் விழுங்கியிருந்தார்.

அவர் மேல் என்ன குற்றம்? தமிழில் மாத்திரை ‘போடு’ என்றால் விழுங்கு என்றுதானே அர்த்தம். ஊசி போடு, மாத்திரை போடு, பூட்டு போடு, சொட்டு மருந்து போடு, எல்லாமே ‘போடு’தான். கேப்சூலைக் கருவியில் வைப்பதற்கும் நான் அதையே சொன்னேன். அவருக்குத் தெரிந்த அர்த்தத்தில் அவர் சரியாகவே செய்திருக்கிறார். அன்றிலிருந்து வாயால் விளக்குவதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கருவியை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு ‘புரிஞ்சுது’ என்ற ஒரே பதில்தான் வரும். “நான் படபடன்னு பேசிட்டேன், சரியா சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. மருமக வந்து கேட்டா எப்படிம்மா சொல்வீங்க?” என்று கேளுங்கள். பரீட்சை உங்களுக்கு, மார்க் போடுவது அவர். அப்படிக் கேட்டால் வெட்கப்படாமல் சொல்வார். அவர் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் அன்றைய பாடம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முதல் விசிட்டிலேயே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொட்டச் சொல்ல வேண்டும். ‘இப்ப சாப்பிடறதை மட்டும் எடுங்க’ என்று கேட்டால், வழக்கமாக வைத்திருக்கும் டப்பா மட்டும்தான் வரும். ஃபிரிட்ஜ் மேலே, டிவிக்குப் பின்னால், தலையணைக்கு அடியில், கைப்பையில், ஜவுளிக்கடை மஞ்சள் பையில் இருப்பதும் வர வேண்டும். தரையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நீங்களும் கீழே உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் நீங்கள் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். சம்மரியிலும் இருக்கிறது, கையிலும் இருக்கிறது என்பவை ஒரு பக்கம். கையில் இருக்கிறது, சம்மரியில் இல்லை என்பவை இன்னொரு பக்கம். இரண்டு பெயரில் ஒரே மாத்திரை இந்த இரண்டாவது குவியலில்தான் சிக்கும். எல்லா அட்டையிலும் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்டையில் பெரும்பாலும் மருந்தின் பெயர்தான் இருக்கும். பிரஷருக்கான டெல்மிசார்ட்டான் என்று அங்கே வாங்கிய அட்டையும், வேறு ஏதோ பெயரில் தனியார் டாக்டர் எழுதிய டெல்மிசார்ட்டானும் வீட்டில் இருந்தால், அந்த அம்மாவுக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள். நிறம் வேறு, அளவு வேறு, வாங்கிய இடம் வேறு, அப்படியிருக்க அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கலவை மாத்திரை இன்னும் மோசம். சுகருக்கான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒன்று, தனியாக மெட்ஃபார்மின் ஒன்று என்று இருக்கும். டாக்டர் தெரிந்தே சேர்த்து எழுதியிருக்கலாம், கவனிக்காமலும் எழுதியிருக்கலாம். எது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து டாக்டருக்கு போன் போடுங்கள். எதை நிறுத்துவது என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் அடுத்த வேளை மாத்திரை வாய்க்குப் போவதற்கு முன் கேட்டு முடிக்கும் கடமை இருக்கிறது.

மூன்றாவது குவியல் கண்ணுக்குத் தெரியாது. சம்மரியில் இருக்கும், வீட்டில் இருக்காது. காசு இல்லை என்பதை யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள், ‘கடையில ஸ்டாக் இல்லை’ என்பார்கள். பாதி அட்டை வெட்டி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், கதை தெரிந்துவிடும். குறைந்த விலையில் மருந்து கிடைக்கும் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று உங்கள் டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதில் பதியாமல் மாதாமாதம் கடையில் காசு கொட்டுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். அரசு மாத்திரை வேலை செய்யாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வாதாட வேண்டாம். ஒரு மாதம் போடுங்கள், பிரஷரை நானே அளந்து காட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அளவு நன்றாக இருந்தால் அவரே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார்.

வெட்டிய அட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காலாவதி தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்திலிருந்து மாத்திரையைப் பிய்க்க ஆரம்பித்து அந்தத் துண்டை வெட்டிப் போட்டால், மிச்சம் இருப்பது தேதி தெரியாத அநாதை மாத்திரை. தேதி இல்லாத பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும்.

இனி உங்கள் அட்டவணை. தமிழில் டைப் செய்தது நல்ல எண்ணம்தான். ஆனால் அட்டையில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த அம்மா தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தாலும், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் ‘ஃபுரோசமைடு’ கையில் இருக்கும் எந்த அட்டை என்று எப்படித் தெரியும்? நான் பெயரே எழுத மாட்டேன். காலி அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அட்டவணையிலேயே ஒட்டிவிடுவேன். அதன் பக்கத்தில் அந்த அம்மா என்ன பெயர் சொல்கிறாரோ அது: நீர் மாத்திரை, ஹார்ட் மாத்திரை, கேஸ் மாத்திரை, கொழுப்பு மாத்திரை. கடைக்காரர் அடுத்த மாதம் வேறு கம்பெனி கொடுத்தால் அட்டவணையும் மாற வேண்டும். ‘அட்டை மாறினா எனக்கு போன் பண்ணுங்க, மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடி’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏழு நாள் டப்பா வாங்க முடிந்தால் நல்லது. அதை நீங்கள் நிரப்பாதீர்கள். அவர் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த மாத்திரைக்குக் கை தயங்குகிறது என்று அப்போது தெரியும்.

‘எப்போது’ என்பதிலும் நம் சொல்லும் அவர்கள் சொல்லும் வேறு வேறு. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருப்பீர்கள். பல வீடுகளில் காலையில் சாப்பிடுவது டிபன். சாப்பாடு என்றால் மத்தியானச் சோறு. காலை சுகர் மாத்திரையை ஒரு மணிச் சோற்றுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஓட்டேரியில் பார்த்தேன். நாலு மாதம் அப்படியே போயிருக்கிறது! ‘வெறும் வயிறு’ என்பதும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போடுகிறேன் என்று சத்தியம் செய்வார்கள். அதற்கு முன்னால் ஒரு டம்ளர் காபி உள்ளே போயிருக்கும். காபி அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. அதனால் மணியையும் வேளையையும் விட்டுவிட்டு வீட்டில் நடப்பதோடு முடிச்சுப் போடுங்கள். ‘எழுந்து பல் தேய்ச்சதும், காபிக்கு அரை மணி நேரம் முன்னாடி.’ ‘இட்லி தட்டுல வந்த பிறகு, முதல் வாய்க்கு முன்னாடி.’ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைக்கு இந்த இட்லிக் கணக்கு மிக முக்கியம். மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் சுகர் தடாலென்று இறங்கும். செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறாரா என்று கேளுங்கள். ‘விரதம் இருக்காதீங்க’ என்று நாம் சொன்னால் நம்மிடம் சொல்லாமல் இருப்பார். விரத நாளுக்கு மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு வந்து சொல்வதுதான் புத்தி.

இப்போது கொளத்தூர் அம்மாவுக்கு வருகிறேன். பிரிக்காமல் இருந்த இரண்டு அட்டைகளில் ஒன்று, உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை என்று என் உள்மனம் சொல்கிறது. எந்த அட்டை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில், வேண்டுமென்றே விடப்படும் மாத்திரை என்றால் முதலிடம் அதற்குத்தான். காரணம் மறதியில்லை, பாத்ரூம். அதைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டும். மாடி வீடு, பாத்ரூம் கீழே, நாலு குடித்தனத்துக்கும் பொது, முட்டி வலி வேறு. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற அன்று அதை யார் போடுவார்கள்? நாம் போய் ‘கண்டிப்பா போடணும்மா’ என்கிறோம், அவர் ‘சரிம்மா’ என்கிறார். ‘இந்த மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன தொந்தரவு?’ என்று கேட்டிருந்தால் அந்தப் பாத்ரூம் கதை வெளியே வந்திருக்கும். காலையில் போடுவதை வெளியே போய்வந்து மத்தியானம் போடலாமா என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம், பல சமயம் ஒப்புக்கொள்வார். ராத்திரிக்குத் தள்ளினால் தூக்கம் கெடும், இருட்டில் எழுந்து விழுவார்கள், அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குப் பதினாறாம் நாள் ராத்திரி திடீரென்று மூச்சு வாங்கவில்லை. பெரும்பாலும் பல நாளாக உடம்பில் நீர் சேர்ந்துகொண்டே வந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் கருவி எடை மிஷின்தான். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி நைட்டியில், ஒரே இடத்தில் மிஷினை வைத்து ஏற வேண்டும். காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே எண்ணை எழுதிவிடலாம். ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறினாலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ அன்றே போன் வர வேண்டும். மூச்சு வாங்கும்வரை காத்திருக்கக் கூடாது. சாப்பிட்டு ஏறும் எடை ஒரு நாளில் அப்படி ஏறாது, அது நீர்.

எண் வசப்படாதவர்களுக்கு உடம்பே அளவுகோல். “மெட்டி இறுகுதாம்மா?” என்று கேளுங்கள். கால் வீக்கம் இருக்கிறதா என்றால் இல்லை என்பவர், மெட்டி இறுகுவதை உடனே சொல்வார். கொலுசுத் தடம், செருப்பு வார்த் தடம், எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்பதும் அப்படித்தான். ஒன்றாக இருந்தது இரண்டானால், உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தால், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஒன்றரை லிட்டர்’ என்றால் யாருக்கும் பிடிபடாது. குடிநீரை மட்டும் கணக்கு வைப்பார்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் கணக்கில் வராது. காலையில் பாட்டில்களில் ஒன்றரை லிட்டர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரை அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். காபி குடித்தால் ஒரு டம்ளர், ரசம் ஊற்றிக்கொண்டால் அரை டம்ளர் அதிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. சித்திரை வெயிலில் இது கொடுமைதான், நான் மறுக்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்புவது, சின்னத் துண்டு ஐஸ் சப்புவது கொஞ்சம் உதவும்.

உப்பு பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். ‘உப்பு குறைச்சாச்சு’ என்றால் குழம்பில் குறைத்திருப்பார்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளுக்கு ஒரு ஆளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரஷருக்கு நல்லது என்று மகன் ‘லோ சோடியம்’ உப்பு வாங்கி வந்து கொடுத்திருப்பார். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்ட்டானோ, நீர் மாத்திரையில் ஒரு வகையான ஸ்பைரோனோலாக்டோனோ போடுகிறவருக்கும் கிட்னி பலவீனமானவருக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். தினம் ரெண்டு இளநீர் என்பதும் அதே ஆபத்துதான். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைத் தனியாக விசாரியுங்கள். அது உடம்பில் நீரைச் சேர்க்கும், கிட்னியைக் கெடுக்கும். அதை யாரும் ‘மாத்திரை’க் கணக்கில் சொல்லவே மாட்டார்கள், ‘வலிக்கு எப்பவாவது ஒண்ணு’ என்பார்கள்.

லோ சுகரை அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. சுகர் இறங்கும்போது அவருக்கே மூளை மந்தமாகிவிடும். கூட இருக்கும் மருமகள் கைக்கு அது போக வேண்டும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், உளறல். இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போன்றவை படபடப்பை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஃபேன் ஓடும்போதே சில்லென்று வியர்த்தால் குளுக்கோமீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும். ஏறியதும் இட்லியோ பிஸ்கெட்டோ. சுகர் மாத்திரையில் வாக்லிபோஸ் என்ற மருந்து சேர்ந்திருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அந்த வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. இதை மருமகள் ஒரு முறை உங்கள் கண் முன்னால் செய்து காட்டட்டும். சர்க்கரை டப்பா எங்கே என்று தேடுவதிலிருந்தே செய்து காட்டட்டும்.

இன்சுலின் போடும் வீடுகளும் உங்களிடம் இருக்கும். சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கானது. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். என்றைக்காவது கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுத்தால் அன்று ஆபத்து. தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட்.

45 நிமிடத்தில் இத்தனையும் எப்படி என்று கேட்பீர்கள். முடியாது, முயலவும் வேண்டாம். பதினோரு மாத்திரையையும் ஒரே நாளில் விளக்கியதுதான் நீங்கள் செய்த பெரிய தப்பு. முதல் விசிட்டில் மாத்திரையைக் கொட்டிப் பிரிப்பதும் எடை மிஷினும் போதும். இந்த வாரமே ஆளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடியது எது என்று உங்களையே கேட்டுக்கொண்டு அதை முதலில் எடுங்கள். கொழுப்பு மாத்திரை எதற்கு என்பது அடுத்த மாதம் தெரிந்தாலும் குடிமுழுகாது. அவர் அதைப் போட்டால் சரி.

மகனைப் பற்றி. கத்துகிறவர் பெரும்பாலும் பயந்தவர். ராத்திரி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். ஆனால் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடும் ஆளிடம் மாத்திரைப் பொறுப்பைக் கொடுத்துப் பயனில்லை. பகலில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எட்டாவது படிக்கும் பேரன் இருந்தால் அட்டையில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல அவனை விட நல்ல ஆள் இல்லை. படிப்பது அவன், எடுத்துக் கொடுப்பது பெரியவர், அது மட்டும் மாறக் கூடாது. மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வைப்பது அவர் பொறுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் தண்ணீர் நின்று, கரண்ட் இல்லாமல், மாத்திரை தீர்ந்து தவித்த வீடுகளிலிருந்து எனக்கு வந்த போன்களை மறக்க முடியாது. ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு தண்ணீர் புகாத கவரில், பரணில் இருக்கட்டும்.

உங்கள் பாதுகாப்புக்கும் ஒன்று. ஏஜென்சி படிவத்தில் ‘நோயாளிக்கு விளக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் அடித்துவிட்டு வருகிறோம். அதன் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ‘நீர் மாத்திரை அட்டையைச் சரியாக எடுத்துக் காட்டினார். எடை ஏறினால் யாருக்குச் சொல்வது என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார். மருமகளுக்குச் சொல்லப்பட்டது.’ அடுத்த முறை யாராவது ‘என்ன சொல்லிக் கொடுத்தீங்க’ என்று கேட்டால் இந்த வரி பேசும். உங்களுக்குப் பதில் வேறு சிஸ்டர் போனாலும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் நீங்களே போங்கள். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். இந்த முறை புதிதாக ஒரு மாத்திரை அதிகமாகியிருக்கும், ஒன்று மாறியிருக்கும், பழைய அட்டைகள் அதே பையில் இருக்கும். ஃபிரிட்ஜில் இருக்கும் உங்கள் அட்டவணையை நீங்களே கிழித்துப் போட்டுவிட்டு, செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். பிரிக்காத அந்த இரண்டு அட்டைகளும் எவை என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏன் போடவில்லை என்று அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.